ஒரே லிமிட்டை மாதத்தில் மூன்று தரம் சுழற்றினால்

இரண்டு இலட்சம் ரூபாய் லிமிட் உள்ள ஒரு கடனட்டை, அதாவது கிரெடிட் கார்ட். மாதத் தொடக்கத்தில் பசளைக்கும் கிருமிநாசினிக்குமாக 190,000 உரசியாயிற்று. ஒரு கிழமையில் கடை வியாபாரக் காசைக் கட்டி லிமிட்டைத் திறந்து திரும்பவும் 190,000. பிறகு இன்னொரு தரம். மாதம் முடியும்போது இரண்டு இலட்ச ரூபாய்க் கார்டுக்குள்ளால் 570,000 ஓடியிருக்கும். கிளிநொச்சி, வவுனியா, புதுக்குடியிருப்புப் பக்கம் கடை வைத்திருப்பவர்களில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. சம்பளக்காரரிலும் உண்டு.

கார்டைச் சுழற்றுவது தன்னளவில் குற்றமல்ல. முழுக்கக் கட்டிக்கொண்டு வந்தால் வட்டியும் ஏறாது. கட்டின காசு நாளைக்கே திரும்ப உரச வரும் என்று நம்பிக் கட்டுகிறீர்களே, அதில்தான் ஆபத்து இருக்கிறது. லிமிட் உங்கள் காசு அல்ல. வங்கி நினைத்தால் குறைக்கலாம், நிறுத்தலாம். கார்ட் எடுக்கும்போது நீங்கள் கையெழுத்து வைத்த நிபந்தனைகளில் அது எழுதியிருக்கும். நகையை அடகு வைத்தோ சீட்டை எடுத்தோ கைமாற்று வாங்கியோ 190,000 கட்டினபின் லிமிட் திறக்கவில்லை என்றால், கார்டில் கடன் தீர்ந்திருக்கும். வெளியில் கடன் நிற்கும். கையில் ஒன்றும் இராது.

வன்னியில் இந்தப் பொறி இன்னும் இறுக்கமானது. காலபோகத்துக்கு ஒக்டோபரில் இருந்து கடைக்காரர் பசளையும் மருந்தும் கடனுக்குக் கொடுப்பார். "அறுவடையோட தாறன்" என்பதுதான் அங்கே தவணை. நெல் வெட்டி, காய்ந்து, விலைப்பட்டு, காசு கைக்கு வர பெப்ரவரி, மார்ச் ஆகும். வெட்டு நேரத்தில் மழை பெய்தால் இன்னும் தள்ளும். நான்கு மாதம் கழித்து வருகிற காசை ஏழு நாளுக்கு ஒருமுறை கட்டவேண்டிய கார்டால் தாங்கப் பார்த்தால், இடையில் வேறு கடன் நுழைந்தே தீரும்.

திகதிகளை முதலில் எழுதி வையுங்கள்

கார்டில் இரண்டு திகதி முக்கியம்: கூற்று (ஸ்டேட்மென்ட்) வெட்டுகிற திகதி, கட்டவேண்டிய கடைசித் திகதி. ஸ்டேட்மென்ட் 10ஆந் திகதி வெட்டி, கடைசித் திகதி அடுத்த மாதம் 1 என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 11இல் உரசினால் அது பெப்ரவரி 10 கூற்றில் வந்து, மார்ச் தொடக்கத்தில்தான் கட்டவேண்டும். ஏறத்தாழ ஐம்பது நாள் வட்டியில்லாக் கடன். கார்டின் உண்மையான இலாபம் இதுதான். 11இல் உரசி 18இல் கட்டுகிறவர் அந்த ஐம்பது நாளை ஏழு நாளாக்கிக்கொள்கிறார். ஏழு நாளில் கட்டக் காசு இருக்குமென்றால், ஏழு நாள் பொறுத்து நேரே வங்கி மாற்றில் சாமானை வாங்கியிருக்கலாம்.

அடிக்கடி நடக்கிற பிழை ஒன்று இருக்கிறது. ஜனவரி 8இல் 190,000 முழுவதும் கட்டுகிறார். 9இல் திரும்ப 190,000 உரசுகிறார். 10இல் கூற்று வெட்டுப்படுகிறது, நிலுவை 190,000. ஆள் "இந்த மாதம் கட்டியாச்சு" என்ற நினைப்பில் இருக்கிறார். 8இல் கட்டினது பழைய கணக்குக்குப் போய்விட்டது. புதுக் கூற்றுக்கு 10க்குப் பிறகு கட்டினால்தான் கணக்கு. பெப்ரவரி 1 தாண்டினால் தாமதக் கட்டணம் விழும், உரசிய நாளிலிருந்து வட்டியும் விழும். வருடத்துக்கு 28 சதவீதம் என்று எடுத்தால் 190,000க்கு ஒரு நாள் வட்டி ஏறத்தாழ 146 ரூபாய். 9இல் இருந்து 1 வரை 23 நாளுக்கு 3,350 அளவில் வரும். 185,000 கட்டி 5,000 மட்டும் விட்டுவைத்தாலும், பல வங்கிகளில் வட்டி அந்த 5,000க்கு மட்டும் ஓடாது. முழுத் தொகைக்கும் உரசிய நாளில் இருந்தே கணக்குப் போடுவார்கள். அதோடு, நிலுவை முழுக்கத் தீரும்வரை புதிதாக உரசுவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது.

28 என்ற எண் சும்மா எடுத்ததல்ல. மத்திய வங்கி 2020 ஓகஸ்ட்டில் கடனட்டை வட்டிக்கு 18 சதவீத உச்சம் வைத்தது. 2022 ஏப்ரலில் அந்த உச்சம் நீங்க, வீதம் 30ஐத் தாண்டிப் போனது. 2023 ஓகஸ்ட்டில் 28க்கு இறக்கச் சொல்லிக் கட்டளை வந்தது. மூன்று வருடத்துக்குள் இவ்வளவு ஆடினது, இனியும் ஆடும். உங்களுக்கு இன்று என்ன வீதம் என்பது கூற்றிலேயே அச்சடித்திருக்கும், அதைப் பாருங்கள்.

கட்டினது எப்போது ஏறும்

செயலியில் இருந்து சில விநாடியில் காசு போய்விடலாம். போனதும் கார்டில் பதிந்ததும் ஒன்றல்ல. சில வங்கிகளில் உடனே பதியும். சிலவற்றில் அடுத்த வேலைநாளில்தான் லிமிட் திறக்கும். வேறு வங்கிக் கணக்கில் இருந்து கட்டினால் இன்னும் பொறுக்கவேண்டி வரலாம். காசோலை என்றால் வங்கிகளுக்கிடையே தீர்வு முடியவேண்டும். சனி, ஞாயிறோடு போயாவும் ஒட்டி வந்தால் மூன்று நாள் போய்விடும். துணுக்காயில் இருந்தோ ஒட்டுசுட்டானில் இருந்தோ ரவுனுக்கு வந்து காசு வைப்பு மெஷினில் போடுகிறவர், மெஷின் பழுதாயிருந்தால் என்ன செய்வது என்பதையும் முதலே யோசிக்கவேண்டும். கடைசித் திகதிக்கு மூன்று வேலைநாள் முன்பே கட்டிவிட்டால் இந்தச் சில்லெடுப்பு ஒன்றும் இல்லை.

சுழற்றுகிறவருக்கு இன்னொரு குழி: உரசினது உடனே கணக்கில் ஏறாது. முதலில் லிமிட்டில் பிடித்து வைத்து, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் நிலுவையாகப் பதிவார்கள். செயலி காட்டுகிற நிலுவையை மட்டும் கட்டிவிட்டுத் திரும்ப உரசினால், பிடித்து வைத்ததும் புதிதும் சேர்ந்து லிமிட்டைத் தாண்டலாம். வெளிநாட்டு இணையக் கடையில் டொலரில் வாங்கினதென்றால் பதிகிற நாளின் மாற்றுவீதமும் வங்கிக் கட்டணமும் சேரும். லிமிட் மீறல் கட்டணம் இப்படித்தான் எதிர்பாராமல் விழுகிறது. ஆகவே லிமிட்டில் ஐந்தில் ஒரு பங்கையாவது எப்போதும் தொடாமல் விடுங்கள்.

தவணை முறையில் வாங்கின சாமானையும் மறக்கக்கூடாது. 180,000 ரூபாய்க் குளிர்சாதனப் பெட்டியைப் பன்னிரண்டு மாத வட்டியில்லாத் தவணையில் எடுத்தால் மாதம் 15,000தான் கட்டுவீர்கள். ஆனால் லிமிட்டில் 180,000மும் முதல் நாளே பிடிபடும். மாதம் 15,000 வீதம்தான் விடுபடும்.

வங்கிக்கு இது எப்படித் தெரியும்

கார்ட் எடுக்கும்போது நீங்கள் கொடுத்த சம்பளப் பத்திரம் 90,000 காட்டுகிறது. கார்டுக்குள்ளால் மாதம் 570,000 போகிறது. வங்கியின் கணினிக்கு இதைக் கண்டுபிடிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. அங்கே இருப்பவர் இரண்டு கேள்விதான் கேட்பார்: கட்டுகிற காசு எங்கேயிருந்து வருகிறது? தனியாள் கார்டில் வியாபாரம் ஓடுகிறதா? இரண்டாவதுக்கு "ஓம்" என்றால் பல வங்கிகளின் நிபந்தனைப்படி அதுவே மீறல்.

முதலாவதுக்குப் பின்னால் சட்டம் நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதியியல் கொடுக்கல்வாங்கல்கள் அறிக்கையிடல் சட்டத்தின்படி, சந்தேகத்துக்கிடமான கொடுக்கல்வாங்கலை மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவுக்கு வங்கி அறிவிக்கவேண்டும். பத்து இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட காசுக் கொடுக்கல்வாங்கல்களை அறிவிக்கிற விதி வேறு. சந்தேகத்துக்குத் தொகை எல்லை இல்லை. ஐம்பதாயிரத்திலும் சந்தேகம் வரலாம். அறிவித்ததை வங்கி உங்களுக்குச் சொல்லவும் கூடாது. அதனால் கிளையில் நன்றாகத் தெரிந்த ஆளிடம் கேட்டாலும் "மேலிடத்தில பார்க்கினம்" என்பதற்குமேல் பதில் வராது.

எங்கள் பக்கத்தில் சந்தேகத்தைக் கூட்டுகிற சில பழக்கங்கள் சாதாரணமாகவே நடக்கின்றன. கனடாவிலோ சுவிசிலோ இருக்கிற சொந்தக்காரர் வங்கி வழியாக இல்லாமல் உண்டியலில் அனுப்பின காசை அப்படியே காசு வைப்பு மெஷினில் கார்டுக்குப் போடுவது. ஒரே நாளில் வெவ்வேறு இடத்தில் இருந்து நாற்பதாயிரம், ஐம்பதாயிரமாகப் பிரித்துப் போடுவது. மில்காரர் தந்த காசோலையை நேரே கார்டுக்குக் கட்டுவது; அது திரும்பினால் லிமிட் திறந்து உரசினபிறகு ஓட்டை தெரியும். மோசடிக்காரர் கார்டை நிரப்பிவிட்டு மறைவதற்கு முன் செய்வதும் இதே கோலந்தான். வங்கி உங்களையும் அவரையும் முகத்தை வைத்துப் பிரித்தறிவதில்லை. வெளிநாட்டுக் காசு வங்கி வழியாக உங்கள் சேமிப்புக் கணக்குக்கு வரட்டும், அங்கிருந்து கார்டுக்குப் போகட்டும். கேள்வி வந்தால் காட்ட ஒரு தடயம் இருக்கும்.

லிமிட்டைவிடக் கூடுதலாகக் கட்டி வைத்து, இரண்டு இலட்சக் கார்டில் மூன்றரை இலட்சத்துக்குச் சாமான் வாங்கும் யோசனையும் சிலருக்கு வருகிறது. வேண்டாம். கூடுதலாகக் கட்டினதைத் திரும்ப எடுக்க எழுதிக்கொடுத்துப் பொறுத்திருக்கவேண்டும், கட்டின நேரமே கேள்வியும் வரும்.

கடை மெஷினில் உரசிக் காசெடுத்தல்

சுழற்றல் கைமீறுகிற இடம் அநேகமாக இதுதான். தெரிந்த கடையில் சாமான் வாங்காமல் 100,000 உரசி, 3 சதவீதம் கழித்து 97,000 காசாக வாங்குவது. "மூண்டு வீதம்தானே" என்று கேட்கச் சின்னதாகத் தெரியும். ஒரு மாதத்துக்கு 97,000ஐ வைத்திருக்க 3,000 கொடுத்தால் வருடக் கணக்கில் அது ஏறத்தாழ 37 சதவீதம். மாதத்தில் இரண்டு தரம் சுழற்றினால் கையில் இருப்பது அதே 97,000தான், ஆனால் கழிவு 6,000. வருடத்துக்கு 72,000, அதாவது ஏறத்தாழ 74 சதவீதம். மூன்று தரமென்றால் 111. கார்ட் வட்டியே 28 என்று இருக்கும்போது, வட்டி கட்டாமல் தப்புவதற்காக அதைப்போல் மூன்று, நான்கு மடங்கு கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

கடைக்காரருக்கும் இது நல்லதல்ல. வியாபாரம் இல்லாமல் உரசுவது மெஷின் கொடுத்த வங்கியோடு அவர் செய்த ஒப்பந்தத்தை மீறுவது; மெஷினைக் கழற்றிக்கொண்டு போவார்கள். பற்றுச்சீட்டில் இருக்கிற விற்பனை அவர் வரிக் கணக்கிலும் நிற்கும்.

ஏ.ரி.எம்.மில் கார்டால் காசு எடுத்தால் கட்டணமும் உண்டு, எடுத்த நிமிடத்தில் இருந்தே வட்டியும் உண்டு. வட்டியில்லா நாள் காசுக்குக் கிடையாது.

கிரிப்பில் என்ன தெரியும்

கிரிப் எனப்படும் கொடுகடன் தகவல் பணியகத்துக்கு வங்கி மாதாமாதம் உங்கள் லிமிட்டையும் நிலுவையையும் பாக்கி நாளையும் அனுப்புகிறது. நடுவில் மூன்று தரம் கட்டினது அந்தப் படத்தில் பெரிதாகத் தெரியாது. அனுப்புகிற நாளில் என்ன நிலுவையோ அதுதான் தெரியும். சுழற்றுகிறவரின் கார்ட் அநேக நாள் நிறைந்தே இருப்பதால், இரண்டு இலட்சத்தில் 190,000 என்றே விழும். வட்டி ஒரு சதமும் கட்டாதவர்கூட கழுத்துவரை கடன்பட்டவராகத் தெரிவார். லான்ட்மாஸ்டருக்கு லீசிங் போடப் போகும்போதோ பயிர்ச்செய்கைக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதோ அதிகாரி பார்ப்பது அதைத்தான். வேறொருவரின் கடனுக்குப் பிணை நிற்க வருகிற அரச ஊழியருக்கும் இது பொருந்தும். கூற்று வெட்டுவதற்கு இரண்டு வேலைநாள் முன்பு கட்டி, வெட்டினபின் மட்டும் உரசினால் படம் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம். கார்ட் உள்ள வங்கிக் கிளையில் கேளுங்கள், அல்லது பணியகத்தின் இணையத்தளம் வழியாக விண்ணப்பியுங்கள்.

நிறுத்துவது எப்படி

மூன்று மாதக் கூற்றை எடுத்து மேசையில் வையுங்கள். கட்டின ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் காசு வந்த இடத்தைப் பேனையால் எழுதுங்கள்: சம்பளம், கடை விற்பனை, அடகு, சீட்டு, கைமாற்று, மற்றக் கார்ட், கடை மெஷினில் உரசி எடுத்தது. முதலிரண்டைத் தவிர்த்து மற்றதைக் கூட்டுங்கள். அந்தத் தொகைதான் உங்கள் உண்மையான ஓட்டை. அது பூச்சியமென்றால் நீங்கள் செய்வது பழக்கதோசம் மட்டும். லிமிட்டைக் கூட்டச் சொல்லி வருமான ஆதாரத்தோடு விண்ணப்பியுங்கள், அல்லது வியாபாரப் பதிவை வைத்து வியாபாரக் கார்ட் கேளுங்கள். பூச்சியம் இல்லையென்றால் கீழே உள்ளது உங்களுக்கு.

கைமாற்று வாங்கி முழுவதையும் கட்டிவிட்டு நிறுத்தப் போகாதீர்கள். அது மற்றுமொரு சுற்று. இந்தக் கூற்றை வெட்டவிடுங்கள். புதிதாக ஒன்றும் உரசாதீர்கள். உங்கள் சொந்தக் காசில் எவ்வளவு முடியுமோ அதைக் கட்டுங்கள், குறைந்தபட்சத் தொகைக்குக் கீழே போகாமல். குறைந்தபட்சம் 5 சதவீதம் என்றால் 100,000 நிலுவைக்கு 5,000. அதில் 28 சதவீத வட்டியில் 2,330 வட்டிக்கே போய் 2,670தான் கடனில் குறையும். ஆகவே இதில் நெடுநாள் நிற்கமுடியாது. பாக்கி விழுவதற்கு முன்பு வங்கிக்குப் போய் நிலுவையைத் தவணைக் கடனாக மாற்றக் கேளுங்கள். பாக்கி விழுந்தபின் கேட்டால் கதை வேறாகிவிடும்.

அங்கே நான்கு விடயம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வட்டி நிலையானதா, குறைந்து செல்கிற நிலுவைக்கா? செய்முறைக் கட்டணம் எவ்வளவு? முன்கூட்டி முடித்தால் தண்டம் உண்டா? லிமிட்டில் எவ்வளவு பிடிபடும்? முதல் கேள்வி மிக முக்கியம். 100,000க்கு 12 சதவீத நிலையான வட்டியில் பன்னிரண்டு மாதமென்றால் மாதம் 9,333. நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக்கொண்டிருக்க, வட்டி மட்டும் முழுத் தொகைக்கு ஓடும். குறைந்து செல்கிற கணக்கில் பார்த்தால் அது ஏறத்தாழ 21 சதவீதம். இருந்தும் 28ஐவிட நல்லது.

கடைக்கு உண்மையில் தேவை நடைமுறைக் கணக்கில் மேலதிகப்பற்று (இருப்பைவிடக் கூடுதலாக எடுக்கிற வசதி), அல்லது அறுவடையோடு முடிகிற தொழிற்படு மூலதனக் கடன். மொத்த வியாபாரியிடம் பிற்திகதிக் காசோலை கொடுத்துச் சாமான் எடுப்பதும் வழக்கம். ஆனால் காசு இல்லாமல் காசோலை திரும்பினால் 1990ஆம் ஆண்டின் கடன் அறவிடல் சட்டத்தில் அது குற்றமாகலாம், திகதியை நெல் காசை நம்பிப் போடாதீர்கள். அவசரத்துக்கு நகை அடகுதான் வழி என்றால் வங்கியில் வையுங்கள். 2023இல் கடனட்டைக்கு 28 உச்சம் வைத்தபோது அடகுக்கு வைத்தது 18. மீட்கிற திகதியை மட்டும் தவறவிடாதீர்கள், ஏலத்துக்குப் போய்விடும்.

கார்டை நிறுத்திவிட்டார்கள் என்றால்

வங்கியில் இருந்து என்று சொல்லி எவரும் எடுத்தால் தொலைபேசியில் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டு, கார்டின் பின்பக்க இலக்கத்துக்கு நீங்களே எடுங்கள். ஓ.ரி.பி. எவருக்கும் கொடுக்கக்கூடாது. உண்மையான நிறுத்தம்தான் என்றால் ஆறு மாத வங்கிக் கூற்று, சம்பளப் பத்திரம் அல்லது வியாபாரப் பதிவு, வாங்கின சாமானின் பற்றுச்சீட்டுகள், வெளிநாட்டுக் காசு வந்த பதிவு ஆகியவற்றோடு கிளைக்குப் போங்கள். வியாபாரத்துக்குப் பாவித்திருந்தால் மறைக்கவேண்டாம்; பற்றுச்சீட்டிலேயே கடையின் பெயர் இருக்கும். தவறான கட்டணமோ விளக்கமில்லாத மறுப்போ என்றால் முதலில் வங்கியின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத்தில் கொடுத்து இலக்கம் வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935இல் பேசலாம்.

கார்டை முடிப்பதென்று தீர்மானித்தால் வெட்டி எறிவது போதாது. எழுதிக்கொடுத்து, மூடினதற்குக் கடிதம் வாங்கவேண்டும். பாவிக்காத கார்டிலும் வருடக் கட்டணம் விழும். கட்டாமல் விட்ட அந்தச் சில ஆயிரம் தாமதக் கட்டணமும் வட்டியுமாக வளர்ந்து, 90 நாள் தாண்டினால் கிரிப்பில் செயற்படாக் கடனாக ஏறும். மூடி இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்து, அந்தக் கார்ட் மூடப்பட்டதாக விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் கடிதத்தின் பிரதியோடு அதே கிளைக்குத் திரும்பப் போகவேண்டும். திருத்தத்தை வங்கிதான் அனுப்பவேண்டும், பணியகம் தானாக மாற்றாது.